இரண்டு ஸ்ரீவில்லிபுத்தூர்கள்

(ராஜபாளையத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அழைப்பிதழில் என் பேச்சுக்கு ‘மென்பொருள் தரங்களின் நிலைத்தன்மை’ என்று தலைப்பு அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள் என்பதற்காகவே முதலில் நன்றி சொல்ல வேண்டும். அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாருக்கும், கிருஷ்ணன்கோவிலிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்திருக்கும் கணினித் துறை மாணவர்களுக்கும் தனியாக ஒரு வணக்கம்.

பக்கத்து ஊரிலிருந்தே தொடங்குகிறேன். இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் கோயிலால் ஊருக்குப் பெயர். பால்கோவாவால் அந்தப் பெயர் இன்னும் பல ஊர்களுக்குப் போயிருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றமும் அங்கேதான் இருக்கிறது. 2021-இல் அறிவிக்கப்பட்ட புலிகள் காப்பகமும் அந்த ஊரின் பெயரோடுதான் தொடங்குகிறது. ஆக, அரசுக் கோப்புகளில் நாள்தோறும் தட்டச்சாகிற பெயர். அந்தப் பெயரில் உங்களுக்குத் தெரிந்து ஓர் ஊர்தான் உண்டு. கணினியைக் கேட்டால் இரண்டு என்று சொல்லும்.

காரணம் இதுதான். கணினிக்கு ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண். உலக மொழிகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிக்கோடு தரத்தில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். கணினிக்காரர்கள் இதைப் பதினறும எண்ணில் எழுதுவார்கள். நான் நம் எல்லோருக்கும் தெரிந்த பதின்ம எண்ணிலேயே சொல்கிறேன். ‘ஸ்ரீ’ என்பதற்குத் தனி எண் கிடையாது. ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்று நான்கு எண்கள் அடுத்தடுத்து வந்தால் எழுத்துரு அவற்றைச் சேர்த்து அந்தக் கூட்டெழுத்தை வரைகிறது: 3000, 3021, 2992, 3008. 2005 வரை இது ஒன்றுதான் வழி. அந்த ஆண்டு வெளியான யூனிக்கோடு 4.1-இல் ‘ஶ’ என்ற கிரந்த எழுத்து 2998-ஆம் இடத்தில் புதிதாகச் சேர்ந்தது. வடமொழி உச்சரிப்பின்படி ஸ்ரீயின் முதல் ஒலி அதுதான். எனவே அன்றிலிருந்து 2998, 3021, 2992, 3008 என்பதே பொருத்தமான வரிசை என்றாயிற்று. பழைய வரிசையும் போகவில்லை. இரண்டையும் எழுத்துருக்கள் ஒரே வடிவமாகத்தான் வரைகின்றன. நீங்கள் இந்த உரையை அச்சில் படிக்கும்போது, நான் எந்த வரிசையில் தட்டச்சு செய்தேன் என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் சொல்ல முடியாது.

மனிதக் கண்ணுக்கு வேறுபாடு இல்லை, கணினிக்கு உண்டு. ஒரே கோப்புறையில் ‘ஸ்ரீவில்லிபுத்தூர்’ என்ற பெயரில் இரண்டு கோப்புகளை அருகருகே வைக்கலாம், கணினி முனகாது. ஒரு வரிசையில் சேமித்த முகவரியை இன்னொரு வரிசையில் தேடினால், அப்படி ஓர் ஊரே இல்லை என்று பதில் வரும். எண் வரிசைப்படி ஊர்ப் பட்டியலை அடுக்கினால் ஸ்ரீவில்லிபுத்தூர் ஓரிடத்தில் ஷகரத்துக்கு முன்னால் நிற்கும், இன்னோரிடத்தில் அதற்குப் பின்னால். கடைக்காரர் ஒருவர் தன் கைப்பேசியில் கடைப்பெயரைத் தட்டுகிறார். வாடிக்கையாளர் வேறொரு விசைப்பலகையில் அதே பெயரைத் தேடுகிறார். தேடல் பொறி விவரமானதாக இருந்தால் பிழைத்தார்கள். அலுவலகத்தில் யாரோ எழுதிக்கொடுத்த சின்ன மென்பொருளாக இருந்தால் இல்லை.

இதில் யார் பிழை செய்தார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் இன்றைய பேச்சு. அதற்கு முதலில், இடைமுகம் என்றால் என்ன, அதை ஏன் மாற்றக்கூடாது என்று பார்க்க வேண்டும். அது ராஜபாளையத்துக்குப் புதிய செய்தி ஒன்றும் இல்லை.

1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா இங்கே ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அன்றும் இன்றும் நூல் விலை பேசுவது ‘நம்பர்’ வைத்துத்தான். 40-ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டு நூலில் 840 கஜச் சிட்டா நாற்பது இருக்கிறது என்று பொருள். அதாவது 33,600 கஜம். பவுண்டும் கஜமும் நம் சட்டத்திலிருந்து போய்ப் பல காலம் ஆயிற்று. மெட்ரிக் முறைக்கான எடை, அளவுச் சட்டம் 1956-இல் வந்தது. ஆயிரம் மீட்டர் நூல் எத்தனை கிராம் என்று கணக்கிடும் ‘டெக்ஸ்’ என்ற ஒழுங்கான சர்வதேச அளவும் இருக்கிறது. அந்தக் கணக்கில் நம் 40-ஆம் நம்பர் 14.8 டெக்ஸுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் சத்திரப்பட்டி விசைத்தறிக்காரர் யாரும் கடையில் போய் டெக்ஸ் கேட்பதில்லை. மில்லுக்குள் கதிர் மாறியது, இயந்திரம் மாறியது, மின்னணு வந்தது, பஞ்சு வேறு நாட்டிலிருந்தும் வருகிறது. வாசலைத் தாண்டி வெளியே வரும் நம்பர் மட்டும் அப்படியே இருக்கிறது. உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்று, வெளியே கொடுத்த வாக்கை மாற்றாதே: நூற்பவருக்கும் நெய்பவருக்கும் நடுவே உள்ள இந்த ஏற்பாட்டைத்தான் மென்பொருளில் நிலையான இடைமுகம் என்கிறோம். பழைய வாக்கை நம்பியவர்கள் புதிய பதிப்பிலும் கெடாமல் இருப்பதற்குப் பின்னோக்கிய ஒத்திசைவு என்று பெயர்.

லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலில் இதே விதிதான் இருக்கிறது. உள்ளே உறுப்புக்கு உறுப்பு பேசும் முறைகளை அவர்கள் பதிப்புக்குப் பதிப்பு தயங்காமல் மாற்றுவார்கள். வெளியே ஓடும் நிரல் ஒன்று, கருநிரலைப் புதுப்பித்ததால் நின்றுபோனால் பிழை கருநிரலுடையது. அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இந்த ஒரு விஷயத்தில் எத்தனை கடுமையாகப் பேசுவார் என்பது உலகறிந்த கதை. பேச்சில் அத்தனை கடுமை தேவையில்லை, விதியில் தேவை.

இனி தமிழுக்கு வருகிறேன். இங்கே சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. 1990-களில் கணினியில் தமிழ் எழுதியவர்கள் இன்று நினைத்தாலும் பெருமூச்சு விடுவார்கள். அன்று புழக்கத்தில் தமிழுக்கென்று பொதுவான எண் இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்து எழுத்துரு செய்தார்கள். ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று ஐந்து குறிகள்: பாமினி எழுத்துருவில் அது ‘அம்மா’. பாமினி இல்லாத கணினியில் அது வெறும் எம், கே, அரைப்புள்ளி. ஒவ்வொரு நாளிதழும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. வாசகர் முதலில் எழுத்துருவை இறக்கிக்கொண்டு, பிறகுதான் செய்தி படிக்க வேண்டும். லோசானில் இருந்த கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை, மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் என்று நல்ல கருவிகள் இருந்தன. கருவிக்குக் கருவி எண் வேறாக இருந்ததுதான் சிக்கல்.

இந்தச் சந்தைக் கூச்சலிலிருந்து வெளியேற இரண்டு முயற்சிகள் நடந்தன. புலம்பெயர்ந்த தமிழர்கள் 1997 முதல் மின்னஞ்சலிலேயே வாதாடி டிஸ்கி என்ற குறியேற்றத்தை உருவாக்கினார்கள். தமிழ்நாடு அரசு, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்’99 மாநாட்டைத் தொடர்ந்து, டாப், டாம் என்ற இரண்டு குறியேற்றங்களையும் தமிழ்99 என்ற விசைப்பலகையையும் தரமாக அறிவித்தது. ஒரே மொழிக்கு மூன்று தரங்கள்! இவை போக யூனிக்கோடு 1991-லேயே வந்துவிட்டது.

நான்கில் இன்று மிச்சம் எது என்று பாருங்கள். டாப், டாம், டிஸ்கி மூன்றையும் இங்கே இருக்கும் மாணவர்களில் எத்தனை பேர் கண்ணால் பார்த்திருப்பீர்கள்? அவற்றில் எழுதிய கடிதங்கள், கதைகள், அலுவலகக் குறிப்புகள் எத்தனையோ பேருடைய பழைய வட்டுகளில் படிக்க ஆளில்லாமல் கிடக்கின்றன. சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகளை யாரோ பொறுமையாக எழுதி இலவசமாகக் கொடுத்ததால் கொஞ்சம் கரை ஏறியது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இணைமதி, மயிலை எழுத்துருக்களில் ஏற்றி, பிறகு டிஸ்கிக்கு மாற்றி, அதன்பின் யூனிக்கோடுக்கு மாற்றியது. நிலையில்லாத தரத்தின் செலவு என்ன என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான். புதிய நூல்களை ஏற்ற வேண்டிய தன்னார்வலர்களின் உழைப்பு, ஏற்றியதையே மறுபடி ஏற்றுவதில் போயிற்று.

ஆனால் தமிழ்99 விசைப்பலகை பிழைத்துக்கொண்டது. அன்று டாமில் எழுதியவரின் விரல் இன்று யூனிக்கோடில் அதே இடத்தில்தான் விழுகிறது. கீழே எண் முழுவதும் மாறிவிட்டது, விரலுக்குத் தெரியாது. அரசின் 1999 அறிவிப்பில் பாதி காலாவதியாகி, பாதி இன்னும் உயிரோடு இருப்பதற்கு என் கணிப்பில் இதுவே காரணம்: மனிதர் தொடுகிற பக்கத்தை ஒருமுறை யோசித்து வகுத்துவிட்டு, பிறகு கை வைக்காமல் விட்டார்கள்.

யூனிக்கோடு நிலைத்ததற்கும் ஒரு கதை உண்டு. அது தொடக்கத்திலிருந்தே நிலையாக இருந்த தரம் ஒன்றும் அல்ல. 1996-இல் 2.0 பதிப்பு வந்தபோது, ஏற்கனவே இடம் கொடுத்திருந்த 6,656 கொரிய அசைகளை அங்கிருந்து எடுத்துவிட்டு, வேறோர் இடத்தில் 11,172 அசைகளாக வைத்தார்கள். பழைய எண்ணில் எழுதிய கொரிய ஆவணங்கள் பாழாயின. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் விதி வந்தது: 2.0 முதல், ஒருமுறை இடம் கொடுத்த எழுத்தை இடம் மாற்றவோ நீக்கவோ மாட்டோம். பெயரைக்கூடத் திருத்த மாட்டோம். அடைப்புக்குறி ஒன்றின் அதிகாரபூர்வ ஆங்கிலப் பெயரில் இரண்டு எழுத்து முன்பின்னாக விழுந்த தட்டச்சுப் பிழை இன்றும் அப்படியே நிற்கிறது. நம் ழகரத்தின் பெயரும் அங்கே மூன்று எல்லும் ஓர் ஏயும்தான். பார்த்தால் கோபம் வரும். ஆனால் அந்தப் பெயரை நம்பி எங்கோ ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கலாம் என்பதால் தொட மாட்டார்கள். இது பிடிவாதம் என்று ஒரு காலத்தில் நானும் நினைத்ததுண்டு. இப்போது இதைவிடப் பொறுப்பான பிடிவாதம் இல்லை என்று நினைக்கிறேன்.

யூனிக்கோடுக்குத் தமிழ்நாட்டில் எதிர்ப்பு இருந்தது, நியாயமான எதிர்ப்பு. யூனிக்கோடில் தமிழின் இடங்கள் 1988-இன் இந்தியப் பொதுத் தரமான இஸ்கியின் அச்சில் வார்க்கப்பட்டவை. தேவநாகரியில் எந்த எழுத்துக்கு எத்தனையாவது கட்டமோ, தமிழிலும் அதே கட்டம். நமக்கு இல்லாத எழுத்துகளின் கட்டங்கள் காலியாகக் கிடந்தன. ஶகரத்தின் 2998 பதினான்கு ஆண்டு அப்படிக் காலியாகக் கிடந்த கட்டம்தான். நம் மெய்யெழுத்துகளுக்கோ தனி எண் இல்லை; ‘க்’ என்றால் க-வும் புள்ளியும். ‘ராஜபாளையம்’ என்று எழுதினால் யூனிக்கோடு கணக்கில் 10 எண்கள். இந்த ஊர்க் குழந்தை எண்ணினால் ரா, ஜ, பா, ளை, ய, ம் என்று ஆறு. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு யூனிக்கோடோடு சேர்த்துத் தரமாக அறிவித்த டேஸ்16 என்ற குறியேற்றத்தில் கணக்கு ஆறுதான் வரும், குழந்தை எண்ணியபடியே. எழுத்தைப் பிரிக்க, எண்ண, அகரவரிசைப்படுத்த அது எளிது. வடிவமைப்பு என்ற அளவில் அதன் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் அது பரவவில்லை. பரவாததில் எனக்கு வருத்தமும் இல்லை. 2010-க்குள் வலைப்பதிவுகள், விக்கிப்பீடியா, மின்னஞ்சல் என்று தமிழ் யூனிக்கோடில் குடியேறிவிட்டது. டேஸ்16-இன் எண்கள் யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று ஒதுக்கிய தனியார் வட்டாரத்தில் இருந்தன. அங்கே எழுதியது உலகின் எந்தக் கைப்பேசியிலும் தானாகத் தெரியாது. சரி, மெய்யெழுத்துகளை யூனிக்கோடிலேயே புதிதாகச் சேர்த்தால் என்ன என்று கேட்டார்கள். சேர்த்திருந்தால் ‘க்’ என்று எழுத இரண்டு வழிகள் வந்திருக்கும், ‘கொ’ என்று எழுதவும் இன்னொரு வழி. ஸ்ரீ ஒன்றுக்கே நாம் படும் பாடு இது. 247 எழுத்துக்கும் அப்படி ஆகியிருந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் மட்டுமா, ராஜபாளையமும் மதுரையும் திருநெல்வேலியும் இரண்டிரண்டாகியிருக்கும்.

எழுத்தின் வடிவமும் எண்ணும் வேறு என்பதில் நமக்குக் கிடைத்த ஒரு நன்மையையும் சொல்லிவிட வேண்டும். 1978-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தம் அரசாணையாயிற்று. ணை, லை, றா, னோ போன்றவற்றின் கொம்பும் சுழியும் மாறின. அதற்கு முன் அச்சான புத்தகத்தை இன்று தட்டச்சு செய்தாலும் அதே எண்கள்தான் விழுகின்றன; பழைய வடிவம் வேண்டுமென்றால் அதற்கான எழுத்துருவைத் தேர்ந்தால் போதும். வடிவத்துக்கு எண் கொடுத்திருந்தால் 1978-க்கு முந்தைய தமிழ் இன்று வேறொரு மொழியாகக் கணினிக்குத் தெரியும்.

பழையதை உடைத்துத்தான் ஆக வேண்டும் என்ற தருணங்களும் உண்டு. மாணவர்களுக்குப் பைத்தான் என்ற நிரல்மொழி தெரியும். 2-ஆம் பதிப்பில் ‘ராஜபாளையம்’ என்ற சரத்தின் நீளம் கேட்டால் 30 என்று சொல்லும். யூனிக்கோடு எண்களைக் கோப்பில் எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வோர் எண்ணும் மூன்று பைட். 3-ஆம் பதிப்பு 10 என்று சொல்லும். நமக்கு நன்மையான மாற்றம்தான். அதற்காகப் பழைய நிரல்கள் ஓடாத ஒரு பதிப்பை 2008 டிசம்பரில் வெளியிட்டார்கள். பழையதை 2015-இல் கைவிடுவதாக இருந்தது. முடியவில்லை, 2020 வரை இரண்டையும் சுமந்தார்கள். உலகின் திறமையான நிரலாளர்களுக்கே ஓர் உடைப்பைச் சரிக்கட்டப் பதினோரு ஆண்டு ஆயிற்று. மாறாக 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் யூடிஎஃப்-8-ஐ வகுத்தபோது, பழைய ஆங்கில ஆஸ்கி கோப்புகள் ஒரு பைட்டும் மாறாமல் அதிலேயே செல்லுபடியாகும்படி செய்தார்கள். இன்று இணையம் ஏறக்குறைய முழுவதும் அதில்தான் இருக்கிறது.

உடைப்பு கணினிக்குள் மட்டும் நடப்பதில்லை. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கேற்ப மாற்றி அறிவித்தது. நோக்கம் நல்லது. ஆனால் வேலூர் ‘வீலூர்’ என்று படிக்கும்படி வந்து சேர்ந்தது. பத்து நாளுக்குள் திரும்பப் பெற்றுவிட்டார்கள். எழுத்துக்கூட்டல் மட்டுமா அங்கே சிக்கல்? பாஸ்போர்ட், பத்திரம், பல்கலைக்கழகச் சான்றிதழ் என்று பழைய கூட்டலை நம்பியிருக்கும் காகிதங்களுக்கு யார் பொறுப்பு என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். மாறாக, அஞ்சல் துறை 1972 சுதந்திர தினத்தன்று பின்கோடு கொண்டுவந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு 626125, நமக்கு 626117. ஊரை ஸ்ரீ என்றும் திரு என்றும் எப்படி எழுதினாலும் கடிதம் போய்ச் சேர்கிறது.

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வரலாம், பிழை யாருடையது? ஶகரத்தைச் சேர்த்தது பிழை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த எழுத்து தேவைப்பட்டவர்கள் இருந்தார்கள், கட்டம் காலியாக இருந்தது, எதையும் நீக்கவில்லை, எதையும் நகர்த்தவில்லை. விதிப்படி எல்லாம் சரி. இருந்தும் ஓர் ஊரின் பெயர் இரண்டாயிற்று. புதிதாக ஒன்றைச் சேர்ப்பதும் சில நேரம் பழையதை உடைக்கும் என்பது இதில் தெரிகிறது. தரக்குழுக்கள் இதை எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. இந்த விஷயத்தில் யூனிக்கோடு ஒப்புக்கொண்டிருக்கிறது: இரண்டு வரிசைகளும் புழக்கத்தில் இருப்பதால் இரண்டையும் ஒன்றாகவே கருதுங்கள் என்று அதன் ஏட்டிலேயே பரிந்துரைத்திருக்கிறது. பரிந்துரைதான், விதி இல்லை. ‘கொ’வை எழுதும் இரண்டு வழிகளை யூனிக்கோடின் இயல்பாக்க விதி தானே ஒன்றாக்கிவிடும். ஸ்ரீக்கு அந்தச் சலுகை இல்லை. நிரல் எழுதுபவர் கவனித்துச் செய்தால்தான் உண்டு. பெரும்பாலும் செய்வதில்லை.

ஆக, என் தீர்ப்பு: பாரம் நிரலாளருடையது. பால்கோவா கடைக்காரரும் நீதிமன்ற எழுத்தரும் தங்கள் ஊர்ப் பெயருக்கு எத்தனை எண் என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எந்தக் காலத்திலும் வரக் கூடாது. செய்ய வேண்டியதும் பெரிய வேலை இல்லை. பயனர் தட்டியதை அப்படியே சேமித்துவையுங்கள், திருத்தாதீர்கள். அதன் பக்கத்தில் தேடலுக்கென ஒரு திறவுச்சரம் வைத்து, அதில் 2998, 3021, 2992, 3008 என்று வந்தால் முதல் எண்ணை 3000 ஆக்குங்கள். ஒப்பிடும்போது இரு பக்கமும் அந்தத் திறவுச்சரத்தையே ஒப்பிடுங்கள். ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பும் ளகரமும் போட்டு ‘கௌ’ எழுதுகிறவர்கள் ஏராளம். அதையும் கூடவே பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அங்கே எச்சரிக்கை வேண்டும், உண்மையிலேயே ளகரம் வரும் சொற்களும் உண்டு. திருவில்லிபுத்தூர் என்று எழுதுவது வேறு விஷயம். அது இன்னொரு பெயர், அதைப் பெயர்ப் பட்டியலில் சேர்க்க வேண்டும், எண்ணில் கை வைக்கக் கூடாது.

இங்கே இருக்கும் மாணவர்களில் பலர் இந்த ஆண்டு திட்டப்பணி செய்வீர்கள். பாதிப் பேருடையதிலாவது ஒரு தேடல் பெட்டி இருக்கும். உங்கள் சோதனைக் கோப்பின் முதல் இரண்டு வரிகளாக ஸ்ரீவில்லிபுத்தூரை இரண்டு வரிசையிலும் போடுங்கள். ஒன்றைத் தேடினால் இரண்டும் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் மதிப்பெண் வாங்குவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள். மாவட்டத்து அரசு இணையதளங்களிலும் அதே சோதனையை ஒரு நாள் செய்துபார்த்து, தவறுகிற இடங்களைப் பட்டியலிட்டு உரிய அலுவலகத்துக்கு எழுதுங்கள்; தமிழிலேயே எழுதுங்கள்.